மண்ணாங்கட்டியின் முதுகு

மண்ணாங்கட்டி என்ற பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாகப் பிறந்தவனைக் குப்பைமேட்டில் ஒருமுறை கிடத்தி எடுத்து, எதிர்வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கி, எமனே கேட்டாலும் வேண்டாம் என்று போய்விடும்படியான பெயராகப் பார்த்து வைத்தார்கள். பெயர் வேலை செய்தது. ஆள் ஆறடி வளர்ந்தான். மில்லில் சேரும்போது ஆபீஸ் கிளார்க், இந்தப் பெயரையா பதிவில் எழுதுவது, நல்லதாக ஒன்று மாற்றிக்கொள்ளேன் என்றாராம். இந்தப் பெயரால் இருபத்திரண்டு வருஷம் உயிரோடு இருக்கிறேன், நீங்கள் வைக்கிற பெயருக்கு அந்த கியாரண்டி உண்டா என்று இவன் கேட்டிருக்கிறான். கிளார்க் அப்படியே எழுதிக்கொண்டார்.

நான் பலராமன். மில்லில் அவன் நூல் நூற்கிற பக்கம், நான் தறிப் பக்கம். 1968இல் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பாண்டிச்சேரி உப்பளத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. சைக்கிள் என்னுடையது. ஆனால் அவன்தான் மிதிப்பான், நான் கேரியரில் உட்கார்ந்து போவேன். சொந்த சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போன ஆள் பாண்டிச்சேரியில் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும். முன்னால் உட்காருடா என்று அவனைக் கேட்டதே கிடையாது, அவனாகவே ஏறி உட்கார்ந்துவிடுவான். மில் சங்கு ஊதுவதற்கும் நாங்கள் கேட்டுக்குள் நுழைவதற்கும் சரியாக இருக்கும்.

ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் பஞ்சுத் தூசியில் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருக்கும். நேரே வீட்டுக்குப் போக மாட்டோம். துறைமுகப் பாலத்து ஓரம் கடலில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் துண்டோடு மணலில் கம்பு சுற்றுவோம். சிலம்பத்தில் எங்களுக்கு வாத்தியார் என்று யாரும் கிடையாது. பார்த்தும் அடிபட்டும் பழகியதுதான். அப்புறம் டீக்கடையில் ஆளுக்கொரு டீ, நடுவில் ஒரு பன். பெரிய பாதி அவனுக்கு. அந்த நாலு மணி வெயிலும் அந்த உப்புக் காற்றும் இனி எனக்கு வரப்போவதில்லை. எழுபதைத் தாண்டிவிட்டேன். மில் போய்விட்டது, சங்கு போய்விட்டது. கண்ணை மூடினால் அந்த மணல்தான் வருகிறது.

ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் செடல் திருவிழா. செடல் அன்றைக்குச் சாயங்காலம் கோயில் திடலில் நூல் பக்கத்துக்கும் தறிப் பக்கத்துக்கும் கம்புப் போட்டி நடக்கும். நடுவராக இருந்தவர் கோவிந்தசாமி. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்போம். செடல் அன்றைக்கு மட்டும் கோட்டு மாட்டி, மெடல் குத்தி, விசிலோடு வருவார். யாராவது எல்லை மீறினால் விசிலை மறந்துவிட்டு ‘அரெத்தே’ என்று கத்துவார். நில் என்று அர்த்தம். எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

போட்டிக்கு ஒரு முறை உண்டு. கம்பின் நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்புப் பாலில் தோய்த்துத் தருவார்கள். எதிராளி உடம்பில் வெள்ளைப் பொட்டு எங்கே விழுகிறதோ அதை வைத்துத்தான் வெற்றி. தோளில் வைத்தால் ஒரு புள்ளி, நெஞ்சில் வைத்தால் ஜெயிப்பு. முதுகில் வைத்தால் வைத்தவனுக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. ஆனால் வாங்கியவன் கம்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே திடலை விட்டுப் போய்விட வேண்டும். முதுகில் வாங்கியவன் ஓடப் பார்த்தவன். எங்களுக்கு அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

அதோடு விடுவார்களா? அடுத்த செடல் வரைக்கும் அவனை மில்லில் நிம்மதியாக விட மாட்டார்கள். கேண்டீனில் நின்றால், என்ன மச்சான், முதுகு அரிக்குதா, சொறிஞ்சி விடவா என்பார்கள். சோற்றுக்கு உட்கார்ந்தால் பின்னால் யாரோ இருமுவார்கள். ஒருத்தன் இது தாங்காமல் கணக்கைத் தீர்த்துக்கொண்டு நெய்வேலிப் பக்கம் வேலை தேடிப் போய்விட்டான். இதில் வேடிக்கை பாருங்கள். அதே செடலில் வேண்டுதலுக்காக முதுகுத் தோலில் கொக்கி குத்திக்கொண்டு வண்டி இழுப்பவனைக் காலில் விழுந்து கும்பிடுவோம். அதே திடலில் முதுகில் சுண்ணாம்பு பட்டவனைப் பார்த்துச் சிரிப்போம். யாருக்கும் அது உறைத்ததில்லை, எனக்கும்தான்.

1975. மண்ணாங்கட்டிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். பெண்டாட்டி வீராயி அரியாங்குப்பத்துப் பெண், விவசாயக் குடும்பம். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். அப்போது அதற்கு ஏழு மாசம். வளைகாப்பு முடிந்த கையோடு செடல் வந்தது. அந்த வருஷம் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் நூல் பக்கம் மண்ணாங்கட்டிக்கும் தறிப் பக்கம் எனக்கும் ஜோடி விழுந்தது. வேறு யாரோடும் ஆடிவிடுவேன், அவனோடு பழக்கத்துக்கு ஆடியது ஆயிரம் முறை இருக்கும், ஊர் பார்க்க ஆடியது அன்றுதான்.

பம்பையும் பறையும் காதைக் கிழித்தன. திடலைச் சுற்றி ஜனம். பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு வீராயியை உட்கார வைத்திருந்தார்கள். ஆடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவன் என் தலைப்பாகையைக் கம்பு நுனியால் தூக்கிக் கீழே எறிந்தான். அது சும்மா விளையாட்டுக்கு. கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் தறிப் பக்கத்து ஆட்களே சிரித்தார்கள். எனக்கு அப்போதே தலை நடுவில் வழுக்கை விழத் தொடங்கியிருந்தது, அதை மறைக்கத்தான் அந்தத் தலைப்பாகையே. அதுவும் அவனுக்குத் தெரியும்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. மண்ணாங்கட்டிக்கு என்று ஒரு சுற்று உண்டு. ஒற்றைக் காலில் உடம்பை முழுசாகச் சுழற்றி, எதிராளி கண் கலங்கி நிற்கும்போது நெஞ்சுக்கு நேராக வந்து நிற்பான். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அந்தச் சுற்றில் ஒரு கண் இமைப்புக்கு அவன் முதுகு எதிராளி பக்கம் வரும். ஆயிரம் முறை அதைப் பார்த்திருக்கிறேன், ஆயிரம் முறையும் காத்து நின்றிருக்கிறேன். அன்றைக்குக் காத்து நிற்கவில்லை.

தெரிந்தவர்களோடு ஆடும்போது உடம்புக்கு ஒரு விரல் முன்னால் அடியைப் பிடித்து நிறுத்துவோம். அது கைக்குத் தானாக வரும். அதையும் அன்றைக்கு நான் செய்யவில்லை. முழு வீச்சு. கம்பின் நடுப்பகுதி அவனுடைய இடது விலா முடிகிற இடத்துக்குக் கீழே, முதுகெலும்புக்கு நாலு விரல் தள்ளி விழுந்தது. நுனி படாததால் சுண்ணாம்புப் பொட்டு இல்லை. சத்தத்தைப் பம்பை விழுங்கிவிட்டது. சொல்தா அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் எவனையோ உட்காரச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். அடி விழுந்தது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். மூன்றாம் ஆளுக்குத் தெரியாது.

அவன் சுற்றை முடித்து என் நேருக்கு நேராக வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் வலியைவிடக் கெஞ்சல்தான் அதிகம். சொல்லிடாதேடா என்று கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கம்பைத் தாழ்த்தினேன். அவன் என் நெஞ்சில் பொட்டை வைத்தான். விசில் ஊதிவிட்டது. நூல் பக்கத்து ஆட்கள் மாலை போட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீராயி சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. சிநேகிதனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை அவன் சைக்கிளில் முன்னால் ஏறவில்லை. நீ மிதி என்றான். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் முறை. மில்லில் பத்து மணி வாக்கில் ஒன்றுக்குப் போன இடத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன். கால்வாயில் ஓடியது காப்பித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. என்னாடா இது என்று கேட்டேன். நேற்று பீட்ரூட் பொரியல் தின்றேன் என்றான். செடல் நாளில் எங்கள் தெருவில் எவன் வீட்டில் பீட்ரூட் பொரியல்? கூழும் முருங்கைக்கீரையும்தான் எல்லார் வீட்டிலும்.

சட்டையைத் தூக்கு என்று அதட்டினேன். மாட்டேன் என்றான். வா ஆஸ்பத்திரிக்கு என்றேன். அங்கே போனால் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், கம்பவுண்டர் முதல் கூட்டுகிறவன் வரைக்கும் நம் தெருக்காரன்தான், சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிடும் என்றான். அப்புறம் என் கையைப் பிடித்து எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

“என் மேல சத்தியமாச் சொல்லு பலராமா. பொறக்கப் போற புள்ளைக்கு முதுகுல வாங்கினவன் புள்ளன்னு பேரு வரக் கூடாது.”

சத்தியம் செய்தேன். அடித்த கைதானே, வேறு என்ன செய்யும்? இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். நாங்கள் வாங்காத அடியா? கை வீங்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவோம், வாடிவிடும். உள்ளே ஒன்று கிழிந்தால் அது வெளியே வீங்கிக் காட்டாது என்று எங்களுக்கு யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு வேலை பண்ணினான். சுளுக்கு என்று வீராயியிடம் சொல்லிவிட்டு, பிள்ளைச்சாவடியில் எண்ணெய் போட்டு நீவிவிடுகிற ஒருவரிடம் தனியாகப் பஸ் ஏறிப் போனான். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் கிடையாது, அதனால் அவ்வளவு தூரம். அந்த மனிதர் பாவம், சுளுக்கு என்று சொன்னதை நம்பி, முழங்கையை வைத்து அந்த இடத்தை அரை மணி நேரம் அழுத்தி நீவியிருக்கிறார். எழுந்திருக்கும்போது தெம்பாக இருந்ததாம். வீட்டுக்கு வரும்போது வாசலில் வாந்தி எடுத்திருக்கிறான்.

திங்கட்கிழமை காலை நூல் மிஷின் பக்கத்தில் விழுந்தான். தகவல் சொல்ல ஆள் ஓடி வந்தபோது என் தறி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மில் வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் கேட்டதற்கெல்லாம் வயிற்று வலி, வயிற்று வலி என்றே சொல்லியிருக்கிறான். எங்காவது அடிபட்டதா என்றதற்கு இல்லை என்று தலையாட்டினான். முதுகில் கன்றியிருக்கிறதே என்றதற்குப் பஞ்சு மூட்டை உரசியது என்றான். மயக்கத்திலும் அந்தப் பொய்யை மட்டும் மறக்காமல் சொன்னான் படுபாவி.

ரத்தம் குறைகிறது, நாடி தளர்கிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை, குடல் புண்ணாக இருக்குமோ என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் வீராயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தது. மூணு நாளாக என்னவோ மறைக்கிறார், உங்களிடம் ஏதாவது சொன்னாரா அண்ணே என்று கேட்டது. ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அதன் முகத்தைப் பார்த்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, வேறு சொந்தக்காரர்கள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். எதற்கு அப்படிச் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வீராயி சத்தம் போட்டு அழவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தது. தலைமேல் வைத்த சத்தியத்தை மீறினால் யார் தலைமேல் வைத்தோமோ அந்த உயிர் போய்விடும் என்று நம்புகிறவள் வயிற்றில் பிறந்தவன் நான். மீறினாலும் போகும், மீறாவிட்டாலும் போகும் என்றால் ஒருவன் என்னதான் செய்வான்?

உள்ளே போனேன். கட்டிலைச் சுற்றி நூல் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், பார்க்க வந்த சொல்தா, இரண்டு நர்ஸ் அம்மா, டாக்டர். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கலாம். அந்த நிதானம் அப்போது இல்லை.

“ஐயா, அவனுக்கு வயித்து வலி இல்ல. வெள்ளிக்கெழம செடல்ல நான் கம்பால முதுகுல அடிச்சேன். முழு வீச்சு. மறுநாள்லேர்ந்து ஒண்ணுக்கு ரத்தமாப் போவுது.”

மண்ணாங்கட்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அப்புறம் மெல்லத் தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். நூல் பக்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் அவனைப் புரட்டிப் படுக்க வைத்து அந்த இடத்தில் கை வைத்தார். அவன் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. ஒரு மணி நேரத்தில் ஆபரேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மில் ஆட்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள், என்னிடமும் எடுத்தார்கள். இடது சிறுநீரகம் இரண்டாகப் பிளந்திருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தான்.

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்கு உதை கிடைத்தாலும் பரவாயில்லை என்று போனேன். அவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, கட்டைவிரலால் என் முதுகில் அதே இடத்தில் அழுத்தி, இங்கேதானே என்றார். லேசாகத்தான் அழுத்தினார், எனக்கு முழங்கால் மடங்கியது. முன்னால் வருகிற அடியைக் கண் பார்க்கிறது, வயிறு தானாக இறுகிக்கொள்கிறது. முதுகுக்கு ஏதய்யா கண், சதை தளர்ந்து கிடக்கும்போதே அடி உள்ளே இறங்கிவிடும் என்றார். இந்த இடத்தில் சிறுநீரகம் கிடக்கிறது, கீழ்ப்பாதிக்கு மேலே விலா எலும்புகூடக் கிடையாது, வெறும் சதைதான் காவல். நாலு விரல் இந்தப் பக்கம் தள்ளி நடு எலும்பில் விழுந்திருந்தால் ஆயுசுக்கும் நடக்க மாட்டான். மேலே விழுந்து விலா உடைந்திருந்தால் அது நுரையீரலைக் குத்தியிருக்கும்.

“இதுக்கு மேல எண்ணெய் போட்டு வேற தேச்சிருக்கான். நின்ன ரத்தத்தைத் தொறந்து விட்டுருக்கான். மூணு நாள் முன்னாடி வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, படுக்க வெச்சே சரி பண்ணியிருக்கலாம்யா.”

அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அதைச் சுமந்துகொண்டுதான் இத்தனை வருஷம் நடக்கிறேன். அடித்தது ஒரு நிமிஷக் கோபம். வாயை மூடிக்கொண்டிருந்தது மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் வேலைக்குத் திரும்ப நாலு மாசம் ஆயிற்று. கனமான வேலை கூடாது என்று நூல் குடோனில் பாபின் கட்டைகளை எண்ணுகிற இடத்தில் போட்டார்கள். கம்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செடலில் போட்ட மாலை செல்லாது என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் கேண்டீனில் இருமல் தொடங்கியது. உயிர் பிழைத்து வந்தவனிடம் போய், என்ன மச்சான், ஒரு பக்கம் லேசா இருக்கா என்று ஒருத்தன் கேட்டான். கேட்டவன் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டேன். எனக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட். மண்ணாங்கட்டி அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கமாக நடந்து போனான்.

என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு வருஷம். ஒரே தெருமுனை, ஒரே டீக்கடை, ஒரே மில். பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தால் கடைக்காரரிடம், அந்தாளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க என்பான். நான் தள்ளி உட்காருவேன். சைக்கிளில் நான் தனியாகப் போவேன், அவன் அதே ரோட்டில் நடந்து வருவான். ஏறிக்கொள்கிறாயா என்று மணி அடித்துப் பார்ப்பேன். காது கேட்காதவன் மாதிரி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நடப்பான். அவ்வளவு உயரமான மனுஷன் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நடப்பதைப் பார்க்க எனக்கு அழுகை வரும். வேகமாக மிதித்துப் போய்விடுவேன்.

வீராயிதான் அவனுக்குத் தெரியாமல் பேசும். பெண் குழந்தை பிறந்தது. சின்னப்பாப்பா என்று கூப்பிட்டார்கள். அதற்குக் காது குத்தியபோது எனக்கும் ஒரு தூக்கில் சோறு வந்தது. அடித்ததற்காகவா இத்தனை கோபம் என்று தூக்கைத் திரும்ப வாங்க வந்த வீராயியிடம் கேட்டேன். அடிச்சதுக்கு இல்லண்ணே, தலையில அடிச்ச சத்தியத்த பத்துப் பேரு முன்னாடி ஒடைச்சிட்டீங்கன்னுதான் என்றது. நீங்க ஒடைக்கலன்னா எம் புள்ளைக்கு அப்பன் இல்லன்னு நான் தெனம் சொல்றேன், கேக்க மாட்டேங்குறாரு என்றும் சொன்னது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்கை வாங்கிப் போனது.

இன்னொன்றும் அது சொன்னது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவன் வீட்டில்கூடச் சட்டையைக் கழற்றுவதில்லையாம். குழாயடியில் பனியனோடு குளிப்பானாம். சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றும்போதும் பொத்தானைத் திறப்பதில்லையாம். கட்டிய பெண்டாட்டிக்கே அந்தத் தழும்பு எவ்வளவு நீளம் என்று தெரியாது என்றது. கடலில் முழுகி எழுந்து, மணலில் வெறும் உடம்போடு கம்பு சுற்றியவன் அவன்.

1982 ஆடி. செடல் போட்டி வழக்கம்போல நடந்தது. மெடல் குத்திய சொல்தாதான் அப்போதும் நடுவர். நான் கம்பை விட்டு ஏழு வருஷம், ஆனால் பார்க்கப் போவேன். மண்ணாங்கட்டியும் வந்து கூட்டத்தின் அந்தப் பக்கத்தில், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நிற்பான். அந்த வருஷம் தறிப் பக்கத்து ஆள் முருகையன். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், நல்ல ஆட்டக்காரன். எதிராளியின் கம்பு அவனைத் தாண்டிப் பின்னால் போய் வந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சொல்தாவுக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்து முருகையன்தான் ஜெயித்தான் என்று கையைத் தூக்கினார்கள்.

முருகையன் சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்டபடியே பின்பக்கமாக நடந்து போய் வேப்பமரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். மாலை போட வந்தவர்களை, இங்கேயே போடுங்க என்றான். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் படவில்லை.

மண்ணாங்கட்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு திடலுக்குள் வந்தான். சொல்தா ‘அரெத்தே’ என்று கத்தினார். அவன் நிற்கவில்லை. முருகையன் தோளைப் பிடித்து மரத்திலிருந்து இழுக்கப் பார்த்து, காதோடு என்னமோ கேட்டான். முருகையன் இல்லை இல்லை என்று தலையாட்டினான். திரும்பு என்றான். முருகையன் மரத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்று நின்றான். நூல் பக்கத்தில் யாரோ, ஏன், முதுகுல வாங்கின உன் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறியா என்று கத்தினார்கள். சிரிப்பு கிளம்பியது.

மண்ணாங்கட்டி திடலின் நடுவுக்கு வந்தான். சட்டைப் பொத்தானை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டையைக் கழற்றிக் கீழே போட்டான், பனியனையும் தலைக்கு மேலே உருவிப் போட்டான். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். விலாவிலிருந்து வளைந்து இடுப்பைச் சுற்றி வயிற்றுப் பக்கம் போகிறது ஒரு தழும்பு. ஒரு பக்கத்துச் சதையே குழிந்து கிடந்தது. ஒரு பக்கம் பார்த்தவர்கள் போதாது என்று மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எல்லாருக்கும் காட்டினான். பம்பைக்காரர் தானாகவே நிறுத்திவிட்டார். பெண்கள் பக்கத்தில் வீராயி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றது. சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நல்லாப் பாத்துக்குங்க. ஒரே அடிதான். மூணு நாள் இத மறைச்சேன்.”

முருகையன் தானாகவே மரத்தைவிட்டு வந்தான். திரும்பி நின்றான். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிச் சிவந்திருந்தது. மண்ணாங்கட்டி அவன் இடுப்பில் கை கொடுத்து ரோட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தி ஏற்றினான். தானும் ஏறினான். வெறும் உடம்போடுதான் இருந்தான், சட்டை அங்கேயே திடலில் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போய்த் தூர நின்று நீட்டினேன். அவன் வாங்கவில்லை. ரிக்‌ஷாவில் ஓர் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தான்.

“என்னாடா நிக்கிற பலராமா, ஏறு. டாக்டருகிட்ட போட்டுக் குடுக்கறது உன் வேலதானே?”